விட்டுவிட்டால் ஒன்றரை வோல்ட்

திங்கள்

பழைய மேசைக் கடிகாரத்திலிருந்து கழற்றிய எல்சிடி கண்ணாடி. டிரைவர் சிப் எதுவும் இல்லாமல், ஏடிமெகா328பி ஒன்றை வைத்தே அதை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் எண்களின் துண்டுகளுக்குப் பொதுவான காமன் முனைகள் இரண்டு. ஒன்று 0 அல்லது 3 வோல்ட்டில் வேலை செய்யும்போது மற்றது 1.5-இல் நிற்க வேண்டும். துருவமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மின்னழுத்தம் ஒரே திசையில் நின்றால் திரவப் படிகம் கெட்டுவிடும். சிப்பின் பின் தருவதோ 0, 3 இரண்டுதான்.

செவ்வாய்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பிடபிள்யூஎம். பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப். அடுத்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். மல்டிமீட்டர் 1.5 காட்டுகிறது. ஆனால் கெப்பாசிட்டர் நிலைகொள்ள 50 மில்லி விநாடி பிடிக்கும். கண்ணாடியை விநாடிக்கு 64 முறை புதுப்பிக்க, முறைக்கு நான்கு கட்டம் (இரண்டு காமன், இரண்டு துருவம்) என்றால் ஒரு கட்டத்துக்கு 4 மில்லி விநாடிகூட இல்லை. அதிர்வெண்ணை ஏற்றிச் சமாளிக்கலாம். ஆனால் டைமர் ஓயாமல் ஓட வேண்டும், சிப் ஆழ்ந்து தூங்க முடியாது. இரண்டு பென்சில் செல்லில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கடிகாரத்துக்கு இது கட்டுப்படியாகாது.

புதன்

பின்னுக்கு மூன்றாவது நிலை ஒன்று உண்டு: இன்புட். அப்போது அது மேலேயும் இழுக்காது, கீழேயும் இழுக்காது, ஒதுங்கிவிடும். அந்தப் பின்னிலிருந்து 3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டேன். பின் அவுட்புட்டாக இருக்கும்வரை அது வைத்ததுதான் சட்டம். ஒதுங்கியதும் இரு ரெசிஸ்டர்களும் சமமாக இழுத்து 1.5-இல் நிறுத்துகின்றன. காத்திருக்கக் கெப்பாசிட்டரே இல்லை. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சுத்தமான வழி எலக்ட்ரானிக்ஸில் அபூர்வம்.

அந்த 1.5-க்குப் பலம் கிடையாது. கிரவுண்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம் வைத்ததும் மீட்டர் 1.0-க்கு இறங்கியது. எல்இடிக்கோ மோட்டாருக்கோ ஆகாது. எல்சிடி கண்ணாடியோ மின்சாரம் இழுப்பதே இல்லை எனலாம். அதனால் 100 கிலோ ஓமுக்கு மாற்றினேன். பின் 0-இலோ 3-இலோ இருக்கும்போது ரெசிஸ்டரில் வீணாவது 30 மைக்ரோ ஆம்பியர்தான்.

வியாழன்

நிரலில் கவனிக்க வேண்டியது ஒன்று. பின்னை இன்புட்டாக விடும்போது போர்ட்சி ரெஜிஸ்டரில் அதன் பிட் 0 ஆக இருக்க வேண்டும். 1 ஆக இருந்தால் சிப்புக்குள் இருக்கும் 20–50 கிலோ ஓம் புல்-அப் சேர்ந்துகொண்டு 1.5-ஐ 2.2-க்கு மேல் ஏற்றிவிடும். காமன்களை அனலாக் பின்களில் வைத்ததற்கும் காரணம் உண்டு: டிஜிட்டல் இன்புட்டில் பாதி மின்னழுத்தம் நின்றால் உள்ளே மின்சாரம் ஒழுகும். அனலாக் பின்களில் டிஐடிஆர்0 ரெஜிஸ்டரால் அந்த இன்புட்டை அணைத்துவிடலாம்.

வெள்ளி

எண்கள் பளிச்சென்று தெரிகின்றன. கணக்குப்படி, தெரியும் துண்டுக்கு ஆர்எம்எஸ் 2.37 வோல்ட், தெரியாததற்கு 1.06. நான்கு காமன் கண்ணாடிக்கு இதே முறையைப் போட்டால் 1.98-ம் 1.30-ம்தான் வரும், எழுத்து மங்கும். அதற்கு 1, 2 வோல்ட் என இரண்டு இடைநிலைகள் வேண்டும். ஒவ்வொரு காமனுக்கும் துண்டு முனைக்கும் இரண்டு பின்கள் கொடுத்து, ஒன்றில் 100 கிலோ ஓம், மற்றதில் 200 கிலோ ஓம் போட்டு ஒரே புள்ளியில் சேர்த்தால் 0, 1, 2, 3 நான்கும் கிடைக்கும். 200 இல்லாவிட்டால் இரண்டு 100-ஐத் தொடராக வைத்தால் போதும்.