ஓணானும் ஒன்பது மணிகளும்

ஓணானைக் கண்டால் சிறுவர்கள் கையில் கல் தானாக ஏறிவிடும். ஏன் அடிக்கிறாய் என்று கேட்டால் ஒரு கதை வரும். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதற்குத்தான் இன்றுவரை தண்டனை! விருத்தாசலத்து முள்வேலி ஓணானுக்கும் இதே கதிதான்.

அந்தக் கல் யார் மேல் விழுகிறது என்று பார்த்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். வேலி உச்சியில் தலை சிவந்து ஆட்டம் போடுவது ஆண். மண்ணைத் தோண்டி முட்டையிடத் தரைக்கு இறங்குவது பெண். வயிற்றில் பத்து, இருபது முட்டைகூட இருக்கலாம். அந்தப் பாரத்தோடு வேகமாக ஓட முடியுமா?

அவளை முட்டையிட வைப்பது எது? ஹார்மோன்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் போன்றவை கொழுப்பு வகையைச் சேர்ந்த கொலஸ்ட்ராலில் இருந்து உருவாகின்றன. ஆனால் அவற்றைச் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து கிளம்பும் உத்தரவு அமினோ அமிலங்களால் ஆனது.

விருத்தாசலம் பீங்கான் ஊர் என்பதால் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். ஒரே களிமண் குழம்புதான். பிள்ளையார் அச்சில் ஊற்றினால் பிள்ளையார், ஃபியூஸ் கேரியர் அச்சில் வார்த்தால் ஃபியூஸ் கேரியர். உடலிலும் அப்படியே. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் அடிப்படையில் 20 வகைதான். எது எந்த வரிசையில் கோக்கப்படுகிறது என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது.

மூளையின் அந்த முதல் உத்தரவுக்கு ஜி.என்.ஆர்.எச். என்று பெயர். பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். பாலூட்டிகளில் இதன் அமைப்பைக் கண்டுபிடித்த ஷாலி, கில்லமின் இருவரும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மனிதனுக்கு இந்தச் சரத்தின் 8வது இடத்தில் ஆர்ஜினின் இருக்கிறது. கோழிக்கும் அமெரிக்க முதலைக்கும் உள்ள ஒரு வகையில் அதே இடத்தில் குளுட்டமின். மற்ற ஒன்பதும் அச்சு அசல் ஒன்றுதான்!

முட்டையை வெளியே தள்ளும் ஹார்மோன் வாசோடோசின். இது ஒன்பது மணி கோத்த சரம். பெண்களின் பிரசவ வலியில் வேலை செய்யும் ஆக்சிடோசினும் ஒன்பதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மறுபடியும் அதே 8வது இடத்தில்தான் வேறுபாடு. நமக்கு லூசின், ஊர்வனவற்றுக்கு ஆர்ஜினின். உறவு எவ்வளவு நெருக்கம் என்றால், முட்டை அடைத்துக்கொண்டு தவிக்கும் ஆமைக்குக் கால்நடை மருத்துவர்கள் ஆக்சிடோசின் ஊசியே போடுகிறார்கள். ஆமைக்கு நன்றாகவே கேட்கிறது. பாம்புக்கும் பல்லி இனத்துக்கும் அவ்வளவு நம்பிக்கையாகக் கேட்பதில்லை.

ஓணானைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. தார்வாடில் உள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் ராடர், ஷான்பாக், சைதாபூர் ஆகியோர் ஓணானைக் கூண்டில் வளர்த்து ஆராய்ந்து 1998இல் கட்டுரை வெளியிட்டார்கள். முட்டையிடத் தோதான ஈரமண் கிடைக்காவிட்டால் பெண் ஓணான் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருக்கும். கருவின் வளர்ச்சியும் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். முட்டையிட்ட பிறகுதான் அது மறுபடி தொடரும்.

யோசித்துப் பாருங்கள். மழை வரும்வரை சுமந்து, மண் ஈரமானதும் இறங்கி, குழி தோண்டி, முட்டையிட்டு, மண்ணை மூடிவிட்டுப் போகிறாள். அதோடு தாயின் வேலை முடிந்தது. அடைகாப்பதோ காவல் இருப்பதோ கிடையாது. ஆக, தரையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். அப்போது ஒரு கல் விழுந்தால் போவது ஒரு உயிர் அல்ல.

இந்தச் சரங்களுக்கான மணிகளை அவள் எங்கிருந்து எடுக்கிறாள் தெரியுமா? ஐசோலூசின் போன்ற சில அமினோ அமிலங்களை உடல் தானாகச் செய்ய முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். ஓணானின் சாப்பாடு எறும்பும் வெட்டுக்கிளியும் மற்ற பூச்சிகளும். நம் தோட்டத்துப் பூச்சியைத் தின்றுதான் அது தன் வம்சத்துக்கான உத்தரவை எழுதிக்கொள்கிறது.

வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்ள வேண்டாம் என்பார்கள். சரிதான், விட்டுக்கொள்ள வேண்டாம். வேலியிலேயே விட்டுவிட்டால் போதும். மழை பெய்த மறுநாள் தெருவோரத்தில் ஒரு ஓணான் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் கல்லோடு நிற்கிற பையனிடம் ராமர் கதைக்குப் பதில் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.