உருளைக்கிழங்கு மூட்டையும் முட்டைக்கூடையும்

நண்பர்கள் மத்தியில் எனக்குக் கார் பைத்தியம் என்று ஒரு பெயர் உண்டு. அதனால் பென்ஷன் வாங்குகிற வயதில் கார் வாங்க நினைக்கிறவர்கள், எந்த வண்டி நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "அதில் யார் யார், எதை ஏற்றிக்கொண்டு, எங்கே போகப் போகிறீர்கள்?" பெரும்பாலும் இதற்குப் பதில் வராது. "எதிர் வீட்டில் உயரமான வண்டி எடுத்திருக்கிறார்கள், பார்க்க ஜோராக இருக்கிறது" என்பார்கள்.

இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. பிரான்சில் சித்ரோயன் கம்பெனியின் பொறுப்பில் இருந்த பியேர் பூலான்ஷேயிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1930-களின் பிற்பகுதியில் அவர் தம் என்ஜினீயர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். கட்டைச் செருப்புப் போட்ட இரண்டு விவசாயிகள், 50 கிலோ உருளைக்கிழங்கோடு, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது. தோற்றம் கடைசிக் கவலை.

நடுவில் யுத்தம் வந்துவிட்டது. 1948-இல் பாரிஸ் கார் கண்காட்சியில் அந்த வண்டி வெளிவந்தபோது பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். 375 சிசி என்ஜின், 9 குதிரைத்திறன். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சி. ஆனால் ஜனங்கள் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1990 வரை 38 லட்சத்துக்கும் மேல் ஓடியது. அதுதான் 'தெ ஷ்வோ', இரண்டு குதிரை. பிரெஞ்சு சர்க்கார் வரி போடுவதற்காக வைத்திருந்த குதிரைக் கணக்கிலிருந்து வந்த பெயர். கல்வே காலேஜில் எங்கள் வாத்தியார் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

நம் தலைமுறைக்கு இப்படி யோசிக்க வாய்ப்பே இருக்கவில்லை. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். நடுத்தரக் குடும்பம் முதல் தடவையாகக் காரைப் பற்றிக் கனவு கண்டது. இன்று கடைக்குள் போனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தலை சுற்றுகிறது. கிடைக்காத காலத்தில் காத்திருந்தோம். கிடைக்கிற காலத்தில் குழம்புகிறோம்.

போன வருஷம் இந்தக் கேள்வி எனக்கே வந்தது. என் காரின் ஆர்.சி.க்கு 15 வருஷம் முடிந்தது. எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கலாம், அல்லது புது வண்டி வாங்கலாம், அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடலாம். என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. பழைய வண்டியில் ஏறுவதற்குக் குனிந்து, மடங்கி, என் தோளைப் பிடித்து, ஒரு பாடு படுவாள். பாரிஸில் இருக்கிற மகன் ஃபோனில் சொன்னான்: "எழுபத்து நாலு வயசுல எதுக்குப்பா கார்? கூப்பிட்டா வாசலுக்கே டாக்ஸி வருது."

குமாஸ்தா புத்தி எனக்குப் போகவில்லை. ஆபீஸ் வண்டிக்கு லாக் புக் எழுதின கை. ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 7 லட்சத்துக்கு வாங்கி 10 வருஷம் கழித்து 2 லட்சத்துக்கு விற்றால் வருஷத்துக்கு 50,000 ரூபாய் போகிறது. இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து ஒரு 20,000. நான் ஓட்டுவது வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர். ஆக, பெட்ரோல் போடுவதற்கு முன்பே கிலோமீட்டருக்கு 17 ரூபாய் 50 காசு. பெட்ரோலுக்கு இன்னும் 7 ரூபாய். மகன் சொன்னது கணக்கில் சரி. காசு மிச்சம் என்று சொல்லி யாரும் இந்த வயதில் கார் வாங்க வேண்டாம்.

பிறகு பூலான்ஷே மாதிரி இன்னொரு தாள் எழுதினேன். இரண்டு கிழவர்கள். மடக்கி வைக்கிற வாக்கர் ஒன்று. மாதம் ஒரு அரிசி மூட்டை. வாரம் ஒரு தடவை கோரிமேட்டுக்கு, எப்போதாவது கடலூருக்கு. வேகம் 60 போதும். அந்த விவசாயிகளின் வேகமேதான். கடைசி வரி: ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால். ஃபோனில் வண்டி கிடைக்குமா, ஓட்டுகிறவர் வர ஒத்துக்கொள்வாரா என்று அந்த நேரத்தில் நான் காத்திருக்க முடியாது. அந்த ஒரு வரிக்காகத்தான் கார்.

தாளை எழுதியதும் வேலை சுலபமாகிவிட்டது. ஷோரூமில் நான் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் மனைவியை ஐந்து தடவை ஏறி இறங்கச் சொன்னேன். வீட்டில் அவள் சிரமமில்லாமல் எழுந்திருக்கிற நாற்காலியின் உயரத்தை டேப்பில் அளந்துகொண்டு போயிருந்தேன். சீட் அந்த உயரத்துக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும். ரொம்பத் தாழ்வும் ஆகாது, படி ஏறுகிற மாதிரி பெரிய வண்டியும் ஆகாது. நம் ஊர்த் தெருவில் இரண்டு பக்கமும் ஸ்கூட்டர் நிற்கும்போது கதவை முழுசாகத் திறக்கவும் இடம் வேண்டுமே! கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்த்தேன். 2014-இல் செலேரியோவில் வந்த பிறகு சின்ன வண்டிகளிலும் அது கிடைக்கிறது. ஏபிஎஸ் பிரேக்கும் ஏர்பேக்கும் 2019-க்கு முந்தைய பல வண்டிகளில் கிடையாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நம்மைப் போலக் கொஞ்சமாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. டயர் தேயாமலே கிழடாகிவிடும். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருஷம் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

"சரி, ராத்திரியில நீங்க ஓட்டுவீங்களாப்பா?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் எதிர் வண்டியின் வெளிச்சம் எனக்குக் கூசுகிறது. இருட்டில் ஓட்டுவதில்லை. ஆனால் வண்டி வைத்திருப்பது வேறு, ஓட்டுவது வேறு. பக்கத்து வீட்டுப் பையனிடம் லைசென்ஸ் இருக்கிறது, சாவி எங்கே தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும். லைசென்ஸ் உள்ளவர் நம் சம்மதத்தோடு ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லும். பாலிசியில் அந்த ஷரத்தைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

55 வயதுக்கு மேல் லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒரு தடவைதான் புதுப்பிக்கிறார்கள். நம் வயதில் 5 வருஷம் என்பது நீண்ட காலம். நான் வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுகிறேன். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாத நாளிலோ, மனைவி என் பக்கத்தில் உட்காரப் பயப்படுகிற நாளிலோ ஓட்டுவதை நிறுத்துவேன் என்று மகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பிள்ளைகள் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் வாசல் திண்ணையை விட்டு இறங்கவில்லை. சாவி பிடுங்கப்படக் கூடாது நண்பர்களே, நாமாகக் கொடுக்க வேண்டும். எப்போது கொடுப்போம் என்பதை வண்டி வாங்குகிற அன்றைக்கே, அதே தாளில் எழுதிவிடுங்கள்.