பதினோரு ஜோடி

போன மாதம் ஒரு தம்பி ஃபோன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், விடுதி மாணவன், எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்குத் தவறாமல் வருகிறவன். உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து வாங்க அலுவலக அறைக்குப் போயிருக்கிறான். அங்கே இருந்தவர் படிவத்தைப் பார்ப்பதற்கு முன் எட்டி அவன் காலைப் பார்த்திருக்கிறார். “ஸ்காலர்ஷிப் காசெல்லாம் ஷூவுக்குத்தான் போகுதா?” என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்த ஆண்டுக்கான உதவித்தொகை அப்போது வந்தே சேரவில்லை என்பது வேறு விஷயம். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தியில் பரிமாறிச் சேர்த்த காசில் வாங்கிய ஷூ அது. அதை அவன் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? அன்று சாயங்காலம் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தவன், இப்போது ரப்பர் செருப்போடு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

எங்களிடம் அவன் இரண்டு கேள்வி கேட்டான். புகார் கொடுக்கலாமா? பிறகு கொஞ்சம் தயங்கி, “அக்கா, நான் அத வாங்குனதே தப்போ?”

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் தொழில். இரண்டாவதற்கு அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். சொன்னது எங்களுக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அக்கா, தங்கை. ஆம்பூர்க்காரர்கள். இரண்டு வருட இடைவெளியில் ஒரே துறையில் சமூகவியல் முதுகலை முடித்தோம், இரண்டு பேரும் சமூகப்பணிக்கு வந்தோம், சென்னையில் ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். (அந்த வீடு கிடைத்த கதை தனிக்கதை. இன்னொரு நாள்.) இருவருக்கும் கால் அளவு ஆறு. ஆகவே வீட்டிலிருக்கும் பதினோரு ஜோடி ஸ்னீக்கர்களில் எது யாருடையது என்ற கணக்கே கிடையாது. காலையில் யார் முதலில் கிளம்புகிறாளோ அவள் வைத்ததுதான் சட்டம்.

பதினொன்று என்றதும் சில தோழர்களுக்கு முகம் மாறிவிடும். எல்லாம் ஷோரூம் விலைக்கு வாங்கியவை அல்ல. நான்கு ஜோடி ஆடித் தள்ளுபடியிலும் வருடக் கடைசித் தள்ளுபடியிலும் பிடித்தவை. மூன்று, ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஏற்றுமதி மிச்சக் கடைகளில் எடுத்தவை. இரண்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய பழசு. ஒரு கருப்பு கான்வர்ஸ் மட்டும் முதல் சம்பளத்தில் முழு விலை கொடுத்து வாங்கியது. இன்னொன்று ஏர் ஜோர்டான். அதன் விலையை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இந்தக் கிறுக்குக்கென்று ஒரு வேலைமுறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை லேஸ்களைக் கழற்றித் தனியாக ஊறவைப்போம். பழைய டூத் பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். உள்ளே பழைய செய்தித்தாளை உருட்டித் திணித்து, நிழலில் காயவைப்போம். வெயிலில் வைத்தால் வெள்ளை சோல் பழுத்துவிடும். சென்னை ஈரக்காற்றுக்கு இன்னொரு கவலையும் உண்டு. நடு சோலில் இருக்கும் பாலியுரித்தேன், போடாமல் பத்திரமாக வைத்தால்தான் சீக்கிரம் கெடும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே இறங்கி, நான்கைந்து வருடம் கழித்து எடுத்தால் ரொட்டித் தூள் மாதிரி உதிரும். எங்களிடம் ஒன்று அப்படிப் போயிருக்கிறது. தம்பிக்கு ஃபோனில் நாங்கள் சொன்ன உருப்படியான விஷயம் இது ஒன்றுதான்: பெட்டிக்குள் வைக்காதேடா.

இனி எங்கள் பாட்டி ஊருக்கு வருவோம். குடியாத்தம் பக்கம். நாங்கள் மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் படித்த ஒரு மே மாதம், பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு பாட்டி வீட்டுக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பிலிருந்து காலனிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டவேண்டும். தெரு முனையில் பாட்டி உட்கார்ந்தாள். எங்களைத் திட்டவில்லை, ஒன்றும் விளக்கவும் இல்லை. குனிந்து லேஸை அவிழ்த்து, இரண்டு ஜோடியையும் முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தார் கொதித்த ரோட்டில் மூன்று பேரும் ஓடினோம். அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடினோம் என்பதுதான் இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பழைய கதை என்று யாராவது சொல்லக்கூடும். 2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் இராஜாவூரில், தலித் மக்கள் சுமார் அறுபது பேர், அதுவரை செருப்புப் போட்டுப் போக முடியாதிருந்த தெருவில் செருப்புப் போட்டு நடந்தார்கள். ஒரு தெருவில் நடந்தது செய்தியானது! அந்த அறுபது பேரில் வயதான கால்களும் இருந்திருக்கும். அவை எத்தனை வருடம் அந்தத் தெருவின் சூட்டை வாங்கியவை என்று யார் கணக்கு வைத்தார்கள்?

படிக்கிற தம்பி தங்கைகள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 3(1)(இசட்.ஏ) பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, காலணி அணிவதை, புதுத்துணி உடுத்துவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம் என்று பட்டியல் போட்டே சொல்கிறது. இதைச் சொன்னபோது தம்பி, “சட்டத்துல செருப்புன்னே எழுதியிருக்காக்கா?” என்று இரண்டு தடவை கேட்டான். ஆமாம். ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து, செருப்பு என்றும் புதுத்துணி என்றும் எழுத வேண்டியிருந்தது. ஆனால் அவனுக்கு நடந்த கேலி அந்தப் பிரிவுக்குள் வராது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். பிறர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமதித்ததாக வேறு பிரிவில் முயலலாம். சாட்சிக்கு அன்று சிரித்தவர்கள்தான் வரவேண்டும். அவன் யோசித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றான். அவன் முடிவு. அதை மதிக்கிறோம்.

எங்கள் விஷயம் இதோடு முடிந்தால் எழுதுவது சுலபம். பாட்டியின் செருப்பு கையில் இருந்தது, பேத்திகளின் காலில் ஸ்னீக்கர் இருக்கிறது, ஆகவே இது கலகம் என்று எழுதிவிடலாம். மேடையில் கைதட்டு வாங்கும். கூட்டங்களில் எங்களைக் காட்டி அப்படிப் பேசியவர்களும் உண்டு. ஆனால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. முதல் ஜோடிக்கு அரசியல் உண்டு. இரண்டாவதற்கும் இருக்கலாம். பதினோராவது ஜோடி வெறும் ஆசை. பச்சை நிறத்தில் எங்களிடம் ஒன்றும் இல்லை, அதனால் வாங்கினோம். அவ்வளவுதான் காரணம்.

அந்த ஆசைக்குள் ஒரு நெருடலும் இருக்கிறது. அம்மா இருபது வருடத்துக்கு மேல் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போனவள். அதற்கு முன்பு, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் அப்பர்களை வீட்டுத் திண்ணையில் வைத்துக் கையால் தைப்பாள். ஜோடிக்கு மூன்று ரூபாய். மெழுகு நூல் இழுத்து இழுத்து விரல் மடிப்புகள் வெட்டுப்பட்டிருக்கும். சோறு பிசையும்போது எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவாள். நாங்கள் ஊசி கோத்துக் கொடுப்போம். அந்த ஷூக்கள் எந்த ஊர்க் காலுக்குப் போயின என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு ஜோடிக்கு நாங்கள் இன்று கொடுக்கும் விலையில் அம்மாவின் எத்தனை மாதத் திண்ணை இருக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறோம். போட்ட பிறகும் வாங்கியிருக்கிறோம். இதற்குச் சமாதானம் எங்களிடம் இல்லை.

அம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சென்னைக்கு வந்தால் முதல் வேலையாக அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிப்பாள். உள்ளே கைவிட்டு லைனிங்கைத் தடவுவாள், டங்கைப் பிடித்து இழுப்பாள், தையலை நகத்தால் கீறுவாள். விலை உயர்ந்ததாகப் பார்த்துத் திருப்பிக் காட்டுவாள்: “இன்னாடி இது, நூலு பிசிறு உடுது. எங்க லைன்ல இத ரிஜக்ட்டு பண்ணி மூஞ்சிலயே அடிப்பாங்க. ஏமாந்துட்டீங்கடி.” பல்லாவரம் சந்தையில் எடுத்த பழசைப் பார்த்து மட்டும், “இது வேல தெரிஞ்சவ தெச்சது” என்றாள். அந்தப் பெண் எந்த நாட்டுக்காரியோ.

சேகரிப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு பூமா ஸ்வேட். 1968 அக்டோபர், மெக்சிகோ ஒலிம்பிக். 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய டாமி ஸ்மித்தும் வெண்கலம் வாங்கிய ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தி நின்ற படம் நம் தோழர்கள் பலர் அறைச் சுவரில் இருக்கிறது. எல்லோரும் முஷ்டியைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை காலைப் பாருங்கள். இருவர் காலிலும் ஷூ இல்லை. கறுப்பர்களின் வறுமையைக் காட்ட ஷூவைக் கழற்றிவிட்டு, கறுப்பு சாக்ஸோடு ஏறினார்கள். ஸ்மித்தின் பூமா ஷூ மேடையில் பக்கத்திலேயே இருந்தது. கழற்றுவதா வேண்டாமா என்பதை அன்று அவர்களே முடிவு செய்தார்கள். எங்கள் பாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஒருமுறை ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் எங்கள் காலைப் பார்த்துவிட்டு, “களத்துல நிக்கிறவங்களுக்கு இது தேவையா?” என்று கேட்டார். அவர்மேல் மரியாதை உண்டு. ரப்பர் செருப்போடு நாற்பது வருடம் நடந்தவர். ஆனால் அந்தக் கேள்வியும், தம்பியின் காலைப் பார்த்த அந்த அலுவலகக்காரரின் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனவே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒருவர் வெறுப்பிலிருந்து கேட்கிறார், ஒருவர் அக்கறையிலிருந்து. இருவருமே நம் தேவைக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கரின் சூட்டைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். நியூயார்க்கில் படித்த காலத்தில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஏறக்குறைய இரண்டாயிரம் புத்தகம் சேர்த்தார். 1917இல் ஊருக்குத் தனியாக அனுப்பிய புத்தகங்கள் உலகப்போரில் கப்பலோடு மூழ்கின. பிறகு தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்கென்றே இடம் ஒதுக்கிக் கட்டினார். இதெல்லாம் போராட்டத்துக்குப் பயன்பட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டாரே, அது எதற்கு? அந்த வயலினால் ஒரு சட்டப்பிரிவும் வரவில்லை. எங்களுக்கு அந்த வயலின் மிகவும் பிடிக்கும்.

வாசிப்பிலும் எங்களிடம் ஒரு திருட்டுத்தனம் உண்டு. பயிற்சி முகாம்களில் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால் அம்பேத்கர் தொகுதி என்றோ அயோத்திதாசர் என்றோ சொல்வோம். பொய்யில்லை, படிக்கிறோம். ஆனால் பையில் இருப்பது பெரும்பாலும் ராஜேஷ்குமார். இந்த வேலையில் சில வாரங்கள் அப்படி வரும்: பிணவறை வாசலில் கையெழுத்துக்காக ஒரு குடும்பத்தோடு பகல் முழுதும் நிற்போம், அடுத்த நாள் அதே குடும்பத்தோடு காவல் நிலைய வாசலில். திரும்பிவந்தால் பேச்சு வராது. ஒருத்தி ஷூவை எடுத்து பிரஷ் போட உட்காருவாள், இன்னொருத்தி 96 பக்கத்தில் கொலைகாரன் பிடிபட்டுவிடும் ஒரு நாவலை எடுப்பாள். நிஜத்தில் எந்த வழக்கும் அப்படி முடிவதில்லை. எங்களோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் திறமையான சிலர் இன்று இந்த வேலையிலேயே இல்லை. அவர்களுக்கு இப்படி ஒரு பிரஷ்ஷும் நாவலும் இருந்திருந்தால் இருந்திருப்பார்களா? அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம். எங்களுக்கு உதவியது. அதுவரைதான் சொல்ல முடியும்.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு காவலூர் போனோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், அங்கிருந்து ஜவ்வாது மலைக் காட்டுக்குள் பாதை. அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி, இந்தியாவிலேயே செய்தது. 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுகொண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. அம்மா இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்குத் துணி துவைக்கிற நாள்.

மேட்டில் நடக்கணும், இந்தச் செருப்பு வழுக்கும் என்று எங்கள் பச்சை ஜோடியைப் போட்டுவிட்டோம். அவளுக்கும் அளவு ஆறுதான். இத்தனை நாள் எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இருட்டில் வரிசையில் நின்று, சின்னத் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் முனகத் தொடங்கினார்கள். கண்ணை எடுத்ததும் சொன்னாள்: “இன்னாடி இது, மூணாவது செலக்‌ஷன் தோலு மாதிரி இவ்ளோ பொத்தலு.”

கீழே இறங்கும்போது எங்களுக்கு முன்னால் போனாள். ஆம்பூர் வந்து, எங்கள் தெரு வந்து, வீட்டுக்குள் போகும் வரை அந்த ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் நாங்கள் கிளம்பும்போது அதைத் தேடினோம். கட்டிலுக்கு அடியில், உள்ளே செய்தித்தாள் திணித்து, லேஸைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்திருந்தாள். “அது இங்கியே இருக்கட்டும்” என்றாள்.

இப்போது வீட்டில் இருப்பது பத்து.