கீழை ஆக்கள் தெரியுமோ?

எங்கட ஊர்ப் பெரியாக்களிட்ட விமானங்களுக்கெண்டு ஒரு தனி அகராதி இருக்கு. ஹெலி, பொம்மர், சியாமாசெட்டி, சகடை, புக்காரா, சுப்பர்சொனிக், மிக், கிபிர். ‘சியாமாசெட்டி’ எண்டால் யாரோ செட்டியாரின்ர பேர் மாதிரி இருக்கும். உண்மையில் அது ‘சியாய் மார்க்கெற்றி’ எண்ட இத்தாலிக் கம்பனியின் பேர். பயிற்சிக்கெண்டு செய்த சின்ன விமானம், முன்னுக்குக் காற்றாடி சுத்தும். ‘கிபிர்’ இஸ்ரேல் செய்த ஜெற். ஹீப்ரு மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி எண்டு அர்த்தம். ஆனால் அர்த்தம் பார்த்து ஆரும் அந்தப் பேரைப் பழகேல்லை. சத்தத்தைக் கேட்டு எது வருகுது, எவ்வளவு நேரம் இருக்கு எண்டு கணக்குப் போடுறதுக்காகப் பழகின பேர்கள் இவை.

நாங்கள் அதே விமானங்களை வேற வழியால் படிச்சோம். நாங்கள் எண்டால் மூன்று பேர். இணுவிலில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்து, இப்ப திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போய்க் கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்கள். எங்களிட்ட ஒரு பழைய கொம்பியூட்டர், கைமாறி வந்த ஒரு ஜொய்ஸ்ரிக், கனடாவில் இருக்கிற மச்சான் வாங்கித் தந்த சில விமானங்கள் இருக்கு. விளையாட்டின் பேர் டிசிஎஸ் வேர்ள்ட். விளையாட்டு எண்டு சொன்னாலும், ஒரு விமானத்தை ஸ்ரார்ட் பண்ணவே கையேடு படிக்க வேணும். அடிப்படை விளையாட்டு இலவசம், விமானங்களுக்குத்தான் காசு.

புது விமானங்களில் எங்களுக்குப் பெரிய ஆசை இல்லை. எஃப்-16 மாதிரி விமானத்தில் நீங்கள் பிடியை இழுத்தால், எவ்வளவு திரும்பலாம் எண்டு கொம்பியூட்டர் தீர்மானிக்கும். பழைய ஜெற்றுகளில் அந்த நடு ஆள் இல்லை. எங்கட விருப்பம் மிக்-21. 1950களின் நடுவில் முதலில் பறந்து, 11,000க்கு மேல் செய்யப்பட்டு, இந்திய விமானப்படையில் 1963 தொடங்கி 2025 செப்ரெம்பர் வரை ஓடின விமானம். டிசிஎஸ்ஸில் அதின்ர ‘பிஸ்’ வகை 2014இல் வந்தது. உள்ளுக்குப் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம், சுத்திவரக் கடிகாரம் கடிகாரமாய் மானிகள். நடுப் பலகையில் மேலிருந்து கீழை ஒரு வெள்ளைக் கோடு கீறியிருக்கும். விமானம் கட்டுப்பாடு இழந்து பம்பரம் மாதிரிச் சுத்தத் தொடங்கினால், பிடியை அந்தக் கோட்டுக்கு நேரை தள்ளிப் பிடிக்க வேணும். தலை சுத்துற நேரத்தில் நடு எது எண்டு தெரியாதெல்லோ, அதுக்காகக் கீறின கோடு. முக்கோணச் செட்டை எண்டபடியால் இறுக்கித் திருப்பினால் வேகம் செத்துப்போகும். மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வேகத்தில்தான் தரையைத் தொடும். முதல் நாள் ஒழுங்காய் இறக்கினபோது மூன்று பேரும் எழும்பிக் கைதட்டினோம்.

இந்த மிக்-21ஐப் பார்த்துச் சீனா செய்ததுதான் எஃப்-7. இலங்கை விமானப்படை 1991இல் அதை வாங்கினது. பெரியாக்களின் அகராதியில் அதுக்குப் பேர் ‘சுப்பர்சொனிக்’. அதாவது நாங்கள் கைதட்டி இறக்கின விமானத்தின் தம்பி, நாங்கள் பிறக்க முதல் எங்கட கூரைகளுக்கு மேலால் போயிருக்கு. பிறகு 1996இல் கிபிர் வந்தது, 2000இல் மிக்-27. அந்த நேரம் வலிகாமம் இராணுவத்தின் கையில் இருந்தபடியால், இந்த இரண்டையும் கூடுதலாய்க் கண்டது வன்னிச் சனம். நாங்கள் பிறந்தது அதுக்கும் பிறகு. எங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லாத எங்களுக்கு இந்த விளையாட்டு ஒரு விசயத்தைச் சரியாய் விளங்கப்படுத்தினது. அது குண்டு போடுறது எப்பிடி எண்டது.

மிக்-21இல் வழிகாட்டி இல்லாத சாதாரணக் குண்டைப் போட நீங்கள் இலக்கைப் பார்த்துச் சரிஞ்சு பாய வேணும். 2,000 மீற்றர் உயரத்தில் பாயத் தொடங்கி, 1,000 மீற்றரில் குண்டை விட்டிட்டு இழுத்து எழும்புறதாய் வைப்பம். 30 பாகைச் சரிவு, மணிக்கு 800 கிலோமீற்றர் வேகம். கணக்குப் பார்த்தால் உங்களுக்கு இருக்கிறது 9 செக்கன். அந்த ஒன்பது செக்கனுக்குள் வேகம், சரிவு, காத்து, குறிகாட்டி எல்லாம் ஒண்டாய்ப் பொருந்த வேணும். பொருந்தாட்டில் குண்டு தள்ளி விழும். நாங்கள் நூறு தரம் போட்டிருப்பம். கனக்க 100 மீற்றர், 150 மீற்றர் தள்ளித்தான் விழுந்தது. திரையில் அது ஒண்டுமில்லை. புகை எழும்பும், ‘மிஸ்’ எண்டு சொல்லிப்போட்டு அடுத்த சுத்துக்குப் போவம்.

பிறகொருநாள் எங்கட ஒழுங்கையில் 100 மீற்றர் எவ்வளவு எண்டு நடந்து பார்த்தோம். முடக்கில் இருக்கிற கடையில் தொடங்கினால், ஏழு படலை, இரண்டு கிணறு, ஒரு வைரவர் கோயில், தவில் பழக்குற ஒரு வீடு. இணுவில் நெருக்கமான ஊர். காங்கேசன்துறை வீதிக்கு இரண்டு பக்கமும் வீடும் தோட்டமும் கோயிலும் ஒண்டோடை ஒண்டு ஒட்டிக்கிடக்கும். இங்கை ஒரு குண்டு ‘தள்ளி’ விழுறதுக்கு வெறும் இடம் எண்டு ஒண்டும் இல்லை.

இணுவிலில் இருந்து மேற்கை சைக்கிள் மிதிச்சால் கொஞ்ச நேரத்தில் நவாலி வரும். 1995 யூலை 9ஆம் திகதி ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையால் இடம்பெயர்ந்த சனம், சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் தங்கியிருந்த நேரம் விமானக் குண்டுகள் விழுந்தது. செத்தவை நூறு பேருக்கு மேல். ‘தவறி விழுந்தது’, ‘இலக்கு வேற’ எண்ட சொற்களை இப்ப செய்தியில் எங்கை வாசிச்சாலும் எங்களுக்கு அந்த 9 செக்கன் ஞாபகம் வரும். மேலை இருந்து அந்தச் சொற்களைச் சொல்லுறது எவ்வளவு சுகம் எண்டு எங்கட கைக்குத் தெரியும்.

கனடா மச்சானிட்ட மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் இருக்கு. அதில் முழு உலகமும் செய்மதிப் படத்தில் இருந்து செய்தது. ஒரு இரவு அவன் பலாலியில் ஏறித் தெற்கை வர, நாங்கள் டிஸ்கோர்ட்டில் அவன்ர திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுன்னாகம் தாண்டி இணுவில் வந்தது. சிவப்பு மண் தோட்டங்களைப் பார்த்தவுடன் தெரிஞ்சது. எங்கட வீட்டுக் கூரைக்கு மேலால் ஒரு ஜெற்றைக் கொண்டுபோனான். அந்த விளையாட்டில் சுட ஏலாது, குண்டு இல்லை. டிசிஎஸ்ஸில் குண்டு இருக்கு, இணுவில் இல்லை. அங்கை இருக்கிறது கோக்கசஸ், பாரசீக வளைகுடா, சிரியா. சிரியாப் படத்தில் அலெப்போவும் டமாஸ்கஸும் இருக்கு. அலெப்போவில் பிறந்த ஒரு பெடியன் எங்களைப் போலவே எங்கையோ இருந்து இதை விளையாடினால், தன்ர ஒழுங்கையைக் கண்டுபிடிப்பான். அவனுக்கு அங்கை குண்டும் கையில் இருக்கும். நாங்கள் அதுக்குப் பிறகு சிரியாப் படத்தில் ஊருகளுக்கு மேலை பறக்கிறதில்லை. ஆரும் சட்டம் போடேல்லை. அப்பிடி ஆகிப்போச்சு.

2024 மேயில் எஃப்-4ஈ பாண்டம் டிசிஎஸ்ஸுக்கு வந்தது. வியற்நாம் போரில் அமெரிக்கா பாவிச்ச, இரண்டு பேர் இருந்து ஓட்டுற ஜெற். மச்சான் அதையும் வாங்கித் தந்தான். அதில் இருக்கிறது ஜே79 எண்ட எஞ்சின். கிபிரின் உடம்பு பிரான்சின்ர மிராஜ் 5. எஞ்சின் அமெரிக்காவின் இதே ஜே79. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கேக்க ஒரு ஊளைச் சத்தம் போடும். விமானப் பைத்தியங்கள் அந்தச் சத்தத்துக்காகவே இதை விரும்புவினம்.

எங்களில் ஒருத்தனின் சின்னம்மா 2009 வரைக்கும் வன்னியில் இருந்தவ. இப்ப இணுவிலில் அவையோடைதான். நாங்கள் மூன்று பேரும் சின்னம்மா எண்டுதான் கூப்பிடுறது. அண்டைக்கு ஸ்பீக்கரில் பாண்டம் போய்க்கொண்டிருக்க, அவ குசினியில் இருந்து வந்து வாசலில் நிண்டா. அழேல்லை, கோவிக்கவும் இல்லை.

“உதைக் கொஞ்சம் குறையுங்கோ தம்பியவை.”

குறைச்சோம். அவ போகேல்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நிண்டிட்டுக் கேட்டா: “உதுக்குள்ள இருந்து பார்த்தா கீழை ஆக்கள் தெரியுமோ?”

நாங்கள் உண்மையைச் சொன்னோம். தெரியாது. 1,000 மீற்றர் உயரத்தில் ஒரு வீடு தீப்பெட்டி அளவு. வாகனம் ஓடினால் ஒரு புள்ளி. இந்த விளையாட்டில் வீதியில் வாகனங்களை ஓடவிடலாம், இராணுவத்தாரை நிறுத்தலாம். வீடுகளுக்குள் மட்டும் சனம் கிடையாது. ஆயிரக்கணக்கான வீடுகள், எல்லாம் வெறும் வீடு.

“அதுதானே,” எண்டா அவ. “நாங்கள் நினைக்கிறனாங்கள், கையைக் காட்டினா அவனுக்குத் தெரியுமெண்டு.”

அண்டிரவு மூன்று பேரும் இன்னொரு கணக்குப் பார்த்தோம். பௌதிகவியலுக்கும் எங்களுக்கும் ஓஎல்லோடை சரி, ஆனாலும் இது சின்னக் கணக்கு. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வாற ஜெற் செக்கனுக்கு 250 மீற்றர் வரும். 5 கிலோமீற்றர் தூரத்தில் அது நிக்கேக்க கிளம்பின சத்தம் உங்கட காதுக்கு வர 15 செக்கன். விமானம் உங்கட தலைக்கு மேலை வர 20 செக்கன். சத்தம் கேட்டு, எழும்பி, பங்கருக்குள் இறங்க உங்களுக்கு மிஞ்சிறது 5 செக்கன். அதுவும் முன்பக்கச் சத்தம் மெல்லிசு. ஜெற்றின் பெரிய சத்தம் பின்னால்தான்.

அடுத்த நாள் சின்னம்மாவிட்ட அந்த ஐந்து செக்கனைச் சொன்னோம். அவ யோசிக்கவே இல்லை. “காணும். பழகினா காணும். கைக்குழந்தை இருந்தாத்தான் காணாது.”

பிறகு அவவே கதைச்சா. பங்கரை எங்கை வெட்டுறது, மேலை போடப் பனங்குத்தி இல்லாட்டி என்ன செய்யிறது, மழை பெய்தால் உள்ளுக்குத் தண்ணி நிக்கும், பாம்பு கிடக்கும், எண்டாலும் இறங்கத்தான் வேணும். நாங்கள் மிக்-21இன் ஸ்ரார்ட் வரிசையைப் பாடமாக்கின மாதிரி அவவிட்டயும் ஒரு வரிசை இருந்தது. ஆர் ஆரைத் தூக்குறது, அடுப்பை ஆர் அணைக்கிறது, கடைசியாய் ஆர் இறங்குறது.

பக்கத்து வீட்டு மாமாவிட்ட வேற ஒரு கதை இருந்தது. 1987 யூன் 4. இந்தியாவின் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் 2000 ஜெற்றுகளின் காவலோடை வந்து யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 25 தொன் சாமான் போட்டது. பூமாலை நடவடிக்கை. ஜெற் சத்தம் கேட்டு உள்ளுக்கு ஓடாமல் முத்தத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தது அண்டைக்கு மட்டுந்தான் எண்டார். மிராஜ் 2000உம் டிசிஎஸ்ஸில் இருக்கு. கிபிருக்கும் அதுக்கும் ஒரே முக்கோணச் செட்டை. கீழை நிண்டு பார்க்கிற ஆளுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எது என்ன கொண்டுவருகுது எண்டு விழுந்த பிறகுதான் தெரியும்.

இவ்வளவையும் வாசிச்சிட்டு ‘அப்ப ஏன் இன்னும் விளையாடுறீங்கள்?’ எண்டு நீங்கள் கேட்கலாம். எங்கட பட்ச்சில் ஒருத்தி நேரை கேட்டவள். எங்களிட்ட வடிவான பதில் இல்லை. மிக்-21 ஓட்டுறது எங்களுக்குப் பிடிக்கும். ஒரு இயந்திரத்தைக் கையால் விளங்கிக்கொள்ளுறதில் இருக்கிற சந்தோசம் பொய்யில்லை, அதை மறைக்கவும் விருப்பமில்லை. அதோடை, மேலை இருந்து என்ன தெரியாது எண்டதை எந்தப் புத்தகமும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாய்க் காட்டேல்லை. ஆனால் விளையாட்டு காட்டுறது பாதிதான். மற்றப் பாதி எங்கட வீடுகளில் குசினியிலும் விறாந்தையிலும் இருக்கு. அந்த ஆக்களுக்கு வயசு போகுது.

அதனால் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். ஒரு பக்கத்தில் விமானத்தின் பேர், எஞ்சின், வேகம், எந்த ஆண்டு வந்தது. மற்றப் பக்கத்தில் அதைக் கீழை நிண்டு கேட்ட ஆள் சொன்னது, சொன்ன மாதிரியே. இதுவரைக்கும் பதினொரு பக்கம் வந்திருக்கு.

உங்களில் ஆரும் இந்த ஜெற்றுகளைப் பறக்கிறீங்கள் எண்டால், ஸ்பீக்கரைப் போட முதல் வீட்டில் ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ. ஹெட்போனைப் போட்டால் அவைக்குத் தொல்லை இல்லை. ஆனால் அவை தாங்களாய் வந்து வாசலில் நிண்டு திரையைப் பார்த்தால், விளையாட்டை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கோ.