கலேவெலயில் ஒரு வெங்காயத் தோட்டம்

மாத்தளை என்றதும் உங்களுக்குக் கராம்பும் மிளகும் சாதிக்காயும்தான் நினைவுக்கு வரும். அது மாவட்டத்தின் தென்பாதி. ஏ9 வீதியில் நாலந்தாவைக் கடந்து நாவுலைப் பக்கம் போய்ப் பாருங்கள். குளிர் விலகி வெயில் ஏறும், மண்ணும் சிவக்கும். தம்புள்ளை, சீகிரியா, கலேவெல என விரியும் அந்த வடபாதி, இலங்கையில் பெரிய வெங்காயத்துக்குப் பேர்போன நிலம். பம்பாய் வெங்காயம் என்று கடையில் கேட்கிறோமே, அதுதான். பெயர் பம்பாய், சில மாதங்களில் காய் தம்புள்ளை!

பனூ இஸ்ராயீல்கள் மூஸா (அலை) அவர்களிடம் வெங்காயம் கேட்ட செய்தியை (அல்குர்ஆன் 2:61) பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். ஆனால் அதை வளர்க்கத் தெரியாதவன் என்பதை என் வீட்டுக் கொல்லையே காட்டிக் கொடுத்தது. நான்கு பாத்தி நட்டேன். பிடுங்கும் நாள் வரை தண்ணீர் ஊற்றினேன். பிடுங்கிய கையோடு தாளை ஒட்ட அறுத்து, சாக்கில் கட்டிக் குசினி மூலையில் வைத்தேன். மூன்று வாரத்தில் பாதி அழுகிவிட்டது. "பச்சை வெங்காயம் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வராதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிற மௌலவியின் வீடா இது?" என்று மனைவி கேட்டார். பதில் இல்லை.

கலேவெலயில் என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்கு அறுவடை நாளில் போனபோதுதான் பிழை புரிந்தது. தோட்டம் அவருடைய உம்மாவின் பொறுப்பு. சித்திரை, வைகாசியில் நாற்று மேடை போட்டு, ஐந்தாறு வாரத்தில் பிடுங்கி, நான்கு விரல் இடைவெளியில் நடுகிறார். வேர் ஆழமாக ஓடாது என்பதால் களையைக் கையால்தான் எடுக்க வேண்டுமாம். நட்டு மூன்று மாதமளவில் தாள்கள் கழுத்து தளர்ந்து தாமாகச் சாய்கின்றன.

"பாதிக்கு மேல சாஞ்சா புடுங்கலாம் மௌலவி. அதுக்கு ஒரு கிழம முந்தியே தண்ணிய நிப்பாட்டிரணும். ஈரத்தோட புடுங்கினா வீட்டுல நிக்காது" என்றார் அவர்.

பிடுங்கியதை வெயிலில் போட்டு வாட்டவில்லை. ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசையின் காயை மூடும்படி பரப்பினார். பிறகு காற்றோட்டமான நிழலில், கழுத்து சுருங்கித் தோல் சரசரக்கும் வரை சில நாள் உலர்த்தல். தாளை அறுத்தாலும் ஓர் அங்குலம் விட்டுத்தான் அறுக்கிறார்; கழுத்து காயாமல் ஒட்ட அறுத்தால் அந்த வாயாலேயே அழுகல் உள்ளே போகும். கட்டித் தொங்கவிடுவதற்குத் தாளை அறுப்பதே இல்லை.

இந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு, சகோதரிகளே. விதைக்கும் உரத்துக்கும் வளையலை அடகு வைத்த வீடுகள் அங்கே உண்டு. ஆவணி, புரட்டாசியில் எல்லாத் தோட்டமும் ஒன்றாக அறுவடையாகும். கொழும்புத் துறைமுகத்தில் இந்திய வெங்காயமும் இறங்கினால் தம்புள்ளைச் சந்தையில் விலை விழும். அவசரக் கடன்காரர் ஈரக் காயையே விற்றுவிடுவார். உலர்த்தி வைத்தவருக்குத்தான் காத்திருக்க இயலும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 மே மாதம்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் இங்கே விலை ஏறியபோது, தன் வீட்டு உத்தரத்தில் தொங்கியதை விற்றே வளையலை மீட்டதாகச் சொல்லி, கையை உயர்த்திக் காட்டினார் அந்த உம்மா.

புறப்படும்போது ஒரு கட்டு தந்தார். எங்கள் பக்கம் ஈரக் காற்று அதிகம். அதனால் அடுப்பின் சூடு படும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். வாரம் ஒருமுறை மனைவி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, மெத்தென்றிருப்பதை அன்றைய கறிக்கு எடுத்துவிடுகிறார்.