கொக்கி ஆடும் டேப்

பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலைப் பக்கம் வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் நண்பர் மேலாளராக இருக்கிறார். மாடுலர் கிச்சன் பிரிவுக்கு ‘டிசைன் கன்சல்டன்ட்’ எடுக்கிறோம், சும்மா வந்து பாருங்கள் என்றார். பெயர்தான் கன்சல்டன்ட். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அளவெடுத்து, படம் போட்டுக் காட்டி, விலை பேசி, முன்பணத்தோடு திரும்ப வேண்டும். மாத டார்கெட் உண்டு. எட்டினால் இன்சென்டிவ்.

வந்தவர்களில் பெரும்பாலோர் இன்டீரியர் டிப்ளமோ முடித்த பிள்ளைகள். கம்ப்யூட்டரில் படம் போடும் சுற்று எனக்குப் புரியவும் இல்லை, பார்க்க ருசியாகவும் இல்லை. டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ‘ஒர்க் டிரையாங்கிள்’ என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் சேர்க்கும் முக்கோணம் என்று எல்லோரும் ஒப்பித்தார்கள். இந்த மாதிரிக் கணக்குகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1926இல் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி ஃப்ராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக, சுமார் 1.9க்கு 3.4 மீட்டரில், ஒரே ஆள் நின்று புழங்கும் சமையலறையை வரைந்தார். இன்றைய மாடுலர் கிச்சனின் தாய் அது. நம் வீடுகளில் பாதிக்கு ஃபிரிட்ஜ் ஹாலில் நிற்கிறது. முக்கோணத்தின் ஒரு முனை டிவிக்குப் பக்கத்தில்.

அதைவிட நல்ல கேள்வி, வாடிக்கையாளராக நடித்த அம்மாள் கேட்டது: “கிரைண்டரை எங்கம்மா வைப்பே?” ஒரு பெண் மட்டும், “வாரத்துக்கு எத்தனை தடவை ஆன்ட்டி மாவு ஆட்டுவீங்க?” என்று திருப்பிக் கேட்டாள். அவளுக்கு வேலை கிடைத்துவிடும் என்று அப்போதே தெரிந்தது.

கடைசிச் சுற்று அளவெடுப்பது. கடைக்குள்ளேயே இரண்டு சுவர் எழுப்பி, வேண்டுமென்றே மூலையைக் கோணலாக விட்டிருந்தார்கள். டேப்பை இழுத்த ஒரு பையன், “சார், இது ரிப்பேர், முனை ஆடுது” என்றான். வரிசையில் பின்னால் நின்ற நாற்பத்தைந்து வயதுக்காரர் அதை வாங்கிப் பார்த்தார்.

“டேப்பு நல்லாத்தான் இருக்குது தம்பி. கொக்கி ஆடணும். பலகை ஓரத்துல மாட்டி இழுத்தா கொக்கி வெளிய வரும், செவுத்துல முட்டி வெச்சா உள்ள போவும். அதோட தகடு என்ன கனமோ அந்த அளவுக்குத்தான் ஆடும். ஆடலன்னாதான் கணக்கு தப்பும்.”

பிறகு அவரே இறங்கினார். சுவரைத் தரையோரம், மேடை உயரம், தலை உயரம் என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதைக் குறித்துக்கொண்டார். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி புள்ளி வைத்து, குறுக்கே இழுத்தார். 5 அடி வரவில்லை. “மூலை கோணலா இருக்குது” என்றார். சிலிண்டர் எங்கே என்றதற்கு, “கதவு போடலாம் சார். ஆனா அடியில ஓட்டை விடணும். கேஸு காத்தவிட கனம், தரையிலதான் தங்கும்.”

விழுப்புரம் பக்கத்து ஆசாரி. அப்பா கதவு நிலை செய்தவர். இவர் இழைப்புளி பிடித்துப் பழகிச் சென்னைக்கு வந்து, கடப்பாக் கல் அடுக்குகளுக்குச் சட்டமும் கதவும் செய்துகொண்டிருந்தார். பலகை ஃபாக்டரியிலேயே அறுபட்டு வரத் தொடங்கியதும், வந்த பெட்டிகளைச் சுவரில் மாட்டும் ஃபிட்டர் ஆனார். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வடிந்ததும் வேளச்சேரியில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். சில மாதங்களுக்கு முன் அவர் மாட்டிய கிச்சன். கீழ்ப் பெட்டிகளின் எம்.டி.எஃப். பலகை நனைந்த பிஸ்கட்டாக ஊதியிருந்தது.

“வாட்டர்ப்ரூஃபுன்னு சொல்லி வித்தவன் போயிட்டான் சார். திட்டு வாங்கனது நானு. அதான், இனிமே நானே விக்கலாம்னு வந்தேன்.”

வாட்டர்ப்ரூஃப் என்ற ஒற்றைச் சொல்லில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்! ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைக்கு 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனை உண்டு. பசை விடக் கூடாது. அதுவும் பலகைக்கான சோதனைதான், கிச்சனுக்கு அல்ல. அறுத்த ஓரத்தை ஒழுங்காக மூடாவிட்டால் இட்லி ஆவியே போதும். வாங்குகிறவரிடம் இதை யார் சொல்கிறார்கள்? முகப்பின் சதுர அடிக்கு ஒரு விலை சொல்லி உட்கார வைக்கிறார்கள். டிராயரும் கூடையும் கீலும் ‘எக்ஸ்ட்ரா’ என்று பிறகு ஏறுகின்றன. ஆளைக் கூட்டிவந்த கட்டடக்காரருக்கு ஒரு பங்கு, அடுக்ககத்தில் கைகாட்டிவிட்டவருக்கு ஒரு பங்கு. எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில். குறைக்க வேண்டும் என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஃபிட்டரின் கூலி கண்ணில் படுகிறது. அவன் மாட்டாவிட்டால் அத்தனையும் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் பலகைதானே?

விற்பனை நடிப்பில் ஆசாரி தோற்றுப்போனார். பளபளப்பான அக்ரிலிக் கதவைக் காட்டி அந்த அம்மாள் கேட்டபோது, “கீறல் விழும்மா, கொழந்தைங்க இருக்கற வீட்டுக்கு மைக்காவே போதும்” என்று சொல்லிவிட்டார். விலை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. நண்பர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இவரை வைத்து டார்கெட் எட்ட முடியாது” என்றார். அந்தக் கடை இழப்பது ஒரு மாத டார்கெட்டை. மற்றவர்களை வைத்து இழக்கப்போவது எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை.

கடைசியில் அவருக்கு வேறு வேலை சொன்னார்கள்: சைட்டுக்குப் போய் அளவு மட்டும் எடுப்பது. சம்பளம் குறைவு, இன்சென்டிவ் கிடையாது. அவர் யோசித்து இரண்டு கேட்டார். வண்டிக்குப் பெட்ரோல் தனி. அவர் எடுத்த அளவை விற்பனைப் பிள்ளைகள் மாற்றி எழுதக் கூடாது, ஃபாக்டரிக்குப் போகும் படத்தில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

பெட்ரோலுக்கு உடனே சரி என்றார்கள். கையெழுத்துக்குத் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டுமாம்.