வேட்டைக்குப் போன ரப்பர் சப்பாத்து

வானொலி அறிவிப்பாளருக்குக் குரல்தான் சோறு போடும். தொண்டை லேசாகக் கட்டினால் போதும், வெந்நீர், மிளகு, தேன் என்று வீட்டையே இரண்டாக்கிவிடுவேன். ஆனால் கால்களைப் பற்றி 34 வயதுவரை நான் யோசித்ததே இல்லை. நாள் முழுக்க ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குக் காலால் என்ன பெரிய வேலை?

அந்த நினைப்பை ஸ்காட்லாந்தில் ஒரு சேற்றுக்காடு ஒரே நாளில் மாற்றிவிட்டது.

அக்கா அங்கே டம்ஃப்ரீஸ் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மருத்துவர் வேலை. "இரண்டு வாரம் லீவு போட்டுட்டு வாடி" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டு, கடைசியில் ஒரு நவம்பர் மாதம் போய் இறங்கினேன். காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. நடுவில் கிடைக்கும் பகலிலும் பாதி நேரம் மழை.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். டிராக்டர் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். நம் வழக்கப்படி நான் அவரை 'அங்கிள்' என்றே கூப்பிட்டேன். அவருக்கு அது ஒரே சிரிப்பு. "சனிக்கிழமை சும்மா இருந்தால் எங்களோடு காட்டுக்கு வாம்மா. கை தட்டிக்கொண்டு நடந்தால் போதும்" என்றார். மதியச் சாப்பாடும் உண்டு என்றதும் தலையாட்டிவிட்டேன்.

நடப்பவர்களும் நிற்பவர்களும்

அங்கே 'வேட்டை' என்ற சொல்லைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். குதிரையில் ஏறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரியைத் துரத்துவதைத்தான் அவர்கள் வேட்டை என்பார்கள். அதற்கு ஸ்காட்லாந்து 2002இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. துப்பாக்கியால் பறவைகளைச் சுடுவதற்கு வேறு பெயர். நான் போனது இரண்டாவது வகைக்கு. பெசண்ட் என்கிற நீளவால் பறவையை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சுடலாம். நம் காட்டுக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவை அது. சேவல் செம்பு நிறத்தில் பளபளக்கும்.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஓரிடத்தில் வரிசையாக நிற்பார்கள். இன்னொரு கூட்டம் காட்டின் மறுபக்கத்திலிருந்து வரிசை பிடித்து, கையில் இருக்கும் குச்சியால் மரத்தைத் தட்டிக்கொண்டே நடந்து வரும். பறவைகள் பயந்து முன்னால் ஓடி, கடைசியில் மேலே எழும்பித் துப்பாக்கிக்காரர்களின் தலைக்கு மேல் பறக்கும். இப்படி ஒரு நாளில் நாலைந்து சுற்று. குச்சியோடு நடப்பவர்களில் நானும் ஒருத்தி.

அக்காவின் தோட்டத்துச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முழங்கால்வரை வரும் பிளாஸ்டிக் பூட்ஸ். எனக்கு ஓர் அளவு பெரிது. உள்ளே அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய காலுறை. மழைக்கால்சட்டையின் நுனியை அழகாகப் பூட்சுக்குள் செருகிக்கொண்டேன். படம் எடுத்தால் நன்றாக இருக்குமே!

முதல் சுற்று முடிவதற்குள் கால்சட்டையில் வழிந்த மழை முழுவதும் பூட்சுக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது சுற்றில் குதிகால் மேலும் கீழும் வழுக்கி உரசத் தொடங்கியது. குளிரில் பிளாஸ்டிக் பலகைபோல் விறைத்து, மேல்விளிம்பு கெண்டைக்காலை அறுத்தது. மூன்றாவது சுற்றில் கொப்புளம் உடைந்தது. ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நான் நின்றதால் வரிசையில் ஓர் ஓட்டை விழுந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்த இடைவெளியைக் கண்டுகொண்டு பத்துப் பதினைந்து பறவைகள் என்னைத் தாண்டிப் பின்னால் ஓடிவிட்டன. காட்டைப் பார்த்துக்கொள்பவர் தூரத்திலிருந்து கத்தினார். பறவைகள் பிழைத்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் இருபது பேர் மழையில் செய்த வேலை என் ஒருத்தியின் குதிகாலால் வீணாகிவிட்டது. டிராக்டரின் பின்வண்டியில் ஏற்றி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டையும் பார்க்கவில்லை.

கடைக்குள் ஒரு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை அங்கிளே என்னைக் கடைக்கு அழைத்துப்போனார், அதுவும் மாலையில். "காலையில் வாங்கக்கூடாது. பொழுது சாயச் சாயக் கால் வீங்கும். வீங்கிய காலுக்குத்தான் அளவு பார்க்க வேண்டும்" என்றார். இதை வேறு யாரோ சொல்லி எப்போதோ கேட்டதுபோல் இருந்தது. யார் என்று அப்போது நினைவுக்கு வரவில்லை.

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவவும், மீன் பிடிக்கவும், தோட்ட வேலைக்கும் நம் ஊரிலும் ரப்பர் பூட்ஸ் வாங்குகிறோமே.

முதலில், தோல் சப்பாத்து போகப் போகக் காலுக்குப் பழகும், ரப்பர் அப்படிப் பழகாது. கடையில் கடித்தால் கடைசிவரை கடிக்கும். அதனால், போடப்போகும் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். நடக்கும்போது குதிகால் கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை, வழுக்கக் கூடாது. அடிப்பாதம் வளையும் இடத்தில் பூட்சும் வளைய வேண்டும்.

அடுத்தது கெண்டைக்கால். கால்சட்டையோடு சேர்த்து இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தால் சரி. இறுக்கமாக இருந்தால் மாலையில் கழற்ற இரண்டு ஆள் வேண்டும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் காலில் அடிக்கும். பக்கவாட்டில் வார் வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கிற வகையும் உண்டு.

உள்துணி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நீச்சல் உடை தைக்கிற நியோப்ரீன் வைத்த பூட்ஸ் குளிருக்கு அருமை. ஆனால் அது ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு. நாள் முழுக்க நடப்பவர்களுக்கு உள்ளே வேர்த்துக் கொட்டும், வேர்வையில் ஊறிய தோல்தான் முதலில் கொப்புளிக்கும். நடப்பவர்களுக்கு மெல்லிய பருத்தித் துணி போதும். "துப்பாக்கிக்காரன் பூட்ஸைப் பார்த்து ஆசைப்படாதே. அவன் நிற்கிறான், நீ நடக்கிறாய்" என்றார் அங்கிள்.

எடையையும் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னார். சேறு ஒட்டிக்கொண்டால் இன்னும் கனக்கும், ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்க வேண்டும். அடிப்பக்கப் பள்ளங்கள் ஆழமாக இருக்க வேண்டும், ஆனால் நெருக்கமாக இருந்தால் சேறு அடைத்துக்கொண்டு வழுக்கும். மழைக்கால்சட்டையை ஒருபோதும் உள்ளே செருகக் கூடாது, பூட்சுக்கு வெளியே விட வேண்டும். இதற்குக் காசே இல்லை!

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காயவைக்க வேண்டும். அடுப்புப் பக்கத்திலோ வெயிலிலோ வைத்தால் ரப்பர் வெடிக்கும். இயற்கை ரப்பரில் சில நாளில் வெள்ளைப் பூச்சுபோல் படியும். பயப்பட வேண்டாம், துடைத்தால் போய்விடும்.

எட்டு ஜோடி போட்டுப் பார்த்து, ஒன்பதாவதை எடுத்தேன். நம் காசுக்கு ஐந்நூறு வெள்ளிக்கும் மேல். நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் அட்டையை நீட்டினேன்.

சப்பாத்தின் ஜாதகம்

திரும்பும் வழியில் ஊருக்கு வடக்கே ஹீத்ஹால் என்ற இடத்தில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தைக் காட்டினார். 1913இல் கார் தயாரிப்பதற்காகக் கட்டியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேதான் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி பூட்ஸ் செய்தது. இன்று உலகம் முழுக்கத் தெரியும் பச்சை நிற 'ஹன்டர்' பூட்ஸ் அந்தக் கம்பெனியின் பிள்ளைதான். 1856இல் எடின்பரோவில் தொடங்கிய அந்தக் கம்பெனி, முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற வீரர்களுக்காக 11 லட்சத்துக்கும் அதிகமான ஜோடிகளைச் செய்து கொடுத்தது. இப்போது அந்தப் பூட்ஸ் அங்கே தயாராவதில்லை.

'வெலிங்டன்' என்ற பெயருக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1799இல் திப்பு சுல்தானை வீழ்த்திய ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் படை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆனவர். அவர் தன் செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் திருத்திய பூட்ஸ் தோலால் ஆனது. சார்ல்ஸ் குட்இயர் ரப்பரை கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தக் கற்ற பிறகுதான் அதே வடிவம் ரப்பரில் வந்தது.

அந்த ரப்பருக்கு மரம்? 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போயின. அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கும் வீடுகளில் பாதி வீடுகள் அந்தக் கதையின் மிச்சம்தான்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம்தான் சப்பாத்து வாங்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் பாட்டி. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, சுங்கை சிப்புட் கடையில்.

இரண்டாவது சனிக்கிழமை

அடுத்த சனிக்கிழமை ஐந்து சுற்றும் நடந்தேன். முட்கோஸ் வயல், ஓடை, பாசி பிடித்த கல்சுவர் எல்லாம் தாண்டினேன். காலை மறந்தே போனேன். நல்ல சப்பாத்துக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

காலை மறந்ததும் கண் திறந்துகொண்டது. ஒரு சேவல் எனக்குப் பத்தடி முன்னால் வந்து விழுந்தது. இறகில் மழைத்துளி அப்படியே நின்றது. இந்தப் பறவைகளில் பெரும்பாலானவை வளர்த்துக் காட்டில் விடப்பட்டவை. அப்படி வளர்த்துச் சுடுவது சரியா என்று அந்த நாட்டிலேயே சண்டை நடக்கிறது. வாரம் இரண்டு முறை கோழிக்கறி வைக்கும் எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. ஆனாலும் அந்தச் சேவலை எடுக்க நான் குனியவில்லை. ஒரு லாப்ரடார் நாய் வந்து மெல்லக் கவ்விக்கொண்டு போனது. மாலையில் கூலியோடு கொடுத்த ஒரு ஜோடிப் பறவையை அங்கிளிடமே கொடுத்துவிட்டேன்.

சுங்கை சிப்புட்டில்

ஊர் திரும்பியதும் பூட்சைப் பையில் போட்டுக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போனேன். பாட்டிக்கு 82 வயது. 14 வயதில் பால்மரக் காட்டுக்குப் போனவர். விடியுமுன் பெரட்டு, பிறகு ஒரு நாளைக்கு 400, 500 மரம், காண்டா வாளியோடு மேடும் பள்ளமுமாக நடை. அந்தக் கால்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குதிகாலில் வாய்க்கால் வெட்டியதுபோல் வெடிப்பு, ஒரு பெருவிரலில் நகமே இல்லை. ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

அன்று கேட்டேன். "பாட்டி, மரம் வெட்டப் போறப்ப கால்ல என்ன போடுவீங்க?"

"என்னத்தப் போடுறது? மொதல்ல வெறுங்கால்தான். உங்கப்பன் பொறந்தப்புறம்தான் ரப்பர் சப்பாத்து." இன்று காடு ஏறுகிற இளைஞர்கள் 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லமாக வாங்கிப் போடுகிற அதே கறுப்புச் சப்பாத்து. இப்போதும் இருபது வெள்ளிக்குள் கிடைக்கிறது. "அது குதிகால்ல கடிக்கும். பழைய சீலையக் கிழிச்சுச் சுத்திக்குவோம். கால் வலிச்சு நின்னுட்டா நிரை பாதியில நிக்கும். நின்ன மரத்துக்கு யாரு கூலி குடுப்பா?"

நான் நின்றபோது பறவைகள் ஓடின. டிராக்டரில் ஏற்றி அனுப்பினார்கள், அவ்வளவுதான். பாட்டி நின்றிருந்தால் அன்று இரவு வீட்டில் உலை கொதித்திருக்காது.

பூட்சை எடுத்து அவர் மடியில் வைத்தேன். உள்ளே கைவிட்டுக் குதிகால் பக்கம் அழுத்திப் பார்த்தார். விரல் பக்கம் தடவினார். "இங்க பிடிக்கணும், இங்க விடணும். சரியாத்தான் வாங்கியிருக்க" என்றார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"என்ன வெலை?"

"இருபது வெள்ளி பாட்டி."

பாட்டி பூட்சின் மேல்விளிம்பை இரண்டு விரலால் இழுத்து விட்டார். அது சுண்டிக்கொண்டு திரும்பியது.

"பொய் சொல்லாத. பால் நெறைய இருக்கு இதுல. இந்த ரப்பர் அந்த வெலைக்கு வராது."